கைகூப்பினால் சம்மதமா?

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் எப்படியோ தவறவிட்டுவிடுகிறார்கள்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே நிலக்கடலை லட்டு செய்து விற்கத் தொடங்கினேன். கடலை கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செங்கம் சாலைப் பக்கம் ஆசிரமங்களுக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் வெளியூர்க்காரர்கள். இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்தபோது, தெரியாமல் ஏதாவது வழக்கில் மாட்டிக்கொள்ளப் போகிறோமே என்று, குழந்தை தூங்கும்போதெல்லாம் விளம்பர விதிகளைப் படித்தேன். (பிரசவத்துக்குக்கூட அவ்வளவு படிக்கவில்லை.)

"ஷேர் பண்ணவங்க பேர குலுக்கிப் போட்டு, ஒருத்தருக்கு வெள்ளிக் காசு குடுக்கலாமே" என்றார் கணவர்.

"குலுக்கல்னா லாட்டரில போய் நிக்கும்ங்க. போலீஸ் வந்தா பாப்பாவ யார் பாத்துப்பாங்க?"

'ரத்தம் ஊறும்', 'எலும்பு பலப்படும்' போன்ற வரிகளையும் நீக்கினேன். மிஞ்சியதன் கீழே, 'இது மருந்தல்ல. லட்டு படத்தில் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியலாம். பற்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று சேர்த்தேன்.

"இன்னாடி இது, லட்டவிட கண்டிஷன் ஜாஸ்தியா இருக்கு?" என்றார் கணவர்.

அப்போது எதிர்வீட்டு மாடியில் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா தங்கியிருந்தார். கழுத்தில் 'மௌனம்' என்று எழுதிய அட்டை. எங்கள் ஊரில் மௌன விரதம் அதிசயமில்லை. அட்டையைப் பார்த்ததும் காய்கறிக்காரர்கூடக் கைஜாடைக்கு மாறிவிடுவார். அந்த அம்மா சாயங்காலமானால் வந்து ஒரு விரலைக் காட்டி ஒரு லட்டு வாங்குவார். எங்கள் வாசலிலேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் தின்பார். ஒருநாள் அதை வீடியோ எடுத்துவிட்டேன்.

"அம்மா, இத எங்க பேஜ்ல போட்டுக்கட்டுமாங்க?"

அவர் கைகூப்பினார். லட்டை வாங்கும்போதும், விடைபெறும்போதும், தெருநாய் வழிவிட்டால்கூட அவர் கைகூப்புவார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 'தாராளமாப் போட்டுக்கோ' என்று எடுத்துக்கொண்டேன். 'ருசியில் பேச்சே வரவில்லை!' என்று தலைப்பு வைத்து, பணம் கட்டி, சென்னை முழுக்கப் பரப்பினேன்.

ஆர்டர்கள் குவிந்தன. அந்த வாரமே ஒரு காலையில் அந்த அம்மா வந்து நின்றார். கழுத்தில் அட்டை இல்லை.

"அத எடுத்துடும்மா."

பல நாள் பேசாத தொண்டை, கரகரத்தது.

"அம்மா, நீங்க பேசுறீங்களே!" என்றேன். (வேறு எவளுக்காவது இப்படிச் சொல்லத் தோன்றியிருக்குமா?)

"சொந்தக்காரங்கல்லாம் பாத்துட்டு எம் பையன கேக்குறாங்க. பொண்ணு செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள உங்கம்மா விளம்பரத்துல நடிக்கிறாங்களானு. அவன் போன்ல அழுவுறான்." அடுக்கியிருந்த லட்டுகளைப் பார்த்தார். "கடலை லட்டுனா அவளுக்கு உசுரு. அதான் வந்து வந்து வாங்குனேன்."

அந்த இடத்திலேயே நீக்கினேன். ஏற்கெனவே பகிரப்பட்டுக் கை மாறிப் போனவற்றை எந்த விதியாலும் திரும்பக் கூப்பிட முடியவில்லை.

"மன்னிச்சுடுங்கம்மா. எழுதிக் காட்டியிருந்தாலே எடுத்திருப்பேனே."

"பதட்டத்துல தோணலம்மா. விரதம் முடிஞ்சதும் கோயில்ல போய், அவ பேரச் சொல்லித்தான் வாயத் தொறக்கணும்னு இருந்தேன்."

பிறகு கைகூப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. மறுநாள் மாடி அறை பூட்டியிருந்தது.

இப்போதெல்லாம் யார் முகம் படத்தில் விழுந்தாலும் எழுதி வாங்காமல் போடுவதில்லை. "எம் பேத்திகூட நிக்கிறதுக்கு எங்கிட்டயே கையெழுத்தா?" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். குடும்ப விசேஷங்களில் என் கணவர் இதைக் கதையாகவே சொல்வார். லாட்டரி, போலீஸ், பல் என்று வரிசையாக வரும், பந்தியே குலுங்கும். "அந்தம்மா கும்புட்டாங்க. இவ உடனே, பேச்சே வரலைனு போட்டுட்டா!" என்று முடிப்பார்.

"அப்புறம் அந்தம்மா இன்னா சொன்னாங்க?" என்று யாராவது கேட்பார்கள்.

"அவங்கதான் பேச மாட்டாங்களே" என்பார், என் பக்கம் திரும்பாமல்.