வடிகட்டின கெட்டிக்காரன்

இனிமேல் என் வீட்டில் யாரும் சேறு குடிக்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பல் துலக்கும்போது எடுத்த முடிவு. வாய் கொப்பளித்துத் துப்பினேன். துப்பியதற்கும் டம்ளரில் மிச்சமிருந்ததற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை.

புயல் வந்து போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மலை மேலிருந்து எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் குழாயை அது மண்சரிவில் புதைத்துவிட்டது. எங்கள் வீட்டு மழைத்தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், ஆற்றுக்கு அக்கரையில் அடுத்த ஊர் சர்ச் வாசலில் இறக்கிவைத்தது. அவர்கள் அதைக் காணிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கேட்கப் போன என்னை உட்காரவைத்து, ஜெபம் செய்து, அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்து அனுப்பினார்கள்.

எங்களுக்கு மிஞ்சியது ஓடை. மேலே பன்றிகள் குளிக்கும், நடுவில் மண் கரையும், கீழே நாங்கள் குடிப்போம். இந்த ஏற்பாடு என் மகள் லோசானாவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாலு வயசு. முந்தின வாரம் இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாய்க் கிடந்தாள். கண் உள்ளே போய்விட்டது. தூக்கினால் ஈரத்துணி மாதிரி தோளில் தொங்கினாள். நர்ஸ் கெலெராதான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டி அவளை மீட்டாள். "கொதிக்க வெக்காம இனி ஒரு சொட்டு கொடுக்காதீங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டு, படகேறி அடுத்த ஊருக்குப் போனாள். அவளுக்கு ஒன்பது ஊர்.

படகு வளைவு திரும்புவதற்குள் என் மனைவி வாசிதி ஆரம்பித்தாள்.

"லோசானா அப்பா, விறகு பிளந்து தரணும். அப்புறம் காலையில ஆறு வாளி, சாயங்காலம் ஆறு வாளி தண்ணி தூக்கிட்டு வரணும். நான் கொதிக்க வெச்சுக்கறேன்."

"பார்க்கலாம்," என்றேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் சொல்லிவந்த பதில் அது. என்னைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். நான் யோசிப்பவன். யோசிப்பவனுக்கு உட்கார இடம் வேண்டும். தலையில் யோசனையும் கையில் வாளியும் ஒரே ஆளுக்குத் தாங்காது. ஒரு வாரம் வாசிதியே தூக்கினாள், அவளே பிளந்தாள். நான் யோசித்தேன். அதன் பலன்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை முடிவு.

"வாசிதி, இனிமே விறகே வேண்டாம்."

"தண்ணியை வெயில்ல காட்டிக் குடிக்கிறதா?"

"வடிகட்டி செய்யப்போறேன். கல்லு, மணலு, கரி. கடற்கரை ஹோட்டல்ல பதினோரு மாசம் நீச்சல்குளம் பார்த்தவன் நான். ஐம்பது வெள்ளைக்காரங்க எண்ணெய் தடவிக்கிட்டு முங்கின தண்ணி. அதையே மணல்ல விட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டினேன்."

"அதை அவங்க குடிச்சாங்களா?"

"குடிக்கல. முங்கும்போது கொஞ்சம் வாய்க்குள்ள போகுமில்ல."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "விடுங்க. உங்களால முடியாது."

"என்னால முடியாதா? இந்த ஊர்ல யங்கோனா வடிகட்டணும்னா யாரைக் கூப்பிடுறாங்க?"

யங்கோனா என்பது எங்கள் தீவில் ஆண்கள் சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து குடிக்கும் வேர்ச்சாறு. பொடியைத் துணியில் முடிந்து, தண்ணீரில் பிசைந்து பிழிய வேண்டும். பிழிவதில் என் கைக்கு மூன்று ஊரில் பெயர் உண்டு.

"அதைத்தான் சொல்றேன்," என்றாள் வாசிதி. "நல்ல தண்ணியைக் கலங்க வெக்கிறது உங்க தொழில். கலங்கினதைத் தெளிய வெக்கிறது வேற தொழில்."

எனக்குச் சுருக்கென்றது. மூலையில் கிடந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். வாளியை நான் தூக்கியதைப் பார்த்து வாசிதி ஊதுவதை நிறுத்திவிட்டாள். அதை நான் பயம் என்று நினைத்தேன்.

வடிகட்டி செய்வது பெரிய வித்தை இல்லை. வாளியின் அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டேன். அடியில் கூழாங்கல், அதன் மேல் மணல், அதன் மேல் இடித்த கரி, மறுபடி மணல். எல்லாவற்றுக்கும் மேலே என் பழைய சட்டைத் துணி. அதை ஒரு முக்காலியில் ஏற்றி, கீழே சுத்தமான பானையை வைத்தேன். மேலே ஓடைத் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றும்போது தண்ணீர் பழுப்பு. கீழே வந்தது கறுப்பு.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. வாசிதியின் தம்பி செமி. எங்கள் ஊரில் மச்சானைக் கேலி செய்வது வெறும் உரிமை இல்லை, கடமை. செமி கடமை தவறாதவன்.

"மச்சான், காபியா? எனக்கும் ஒரு கப்."

"கரி கழுவாம போட்டுட்டேன். முதல் தடவை அப்படித்தான் வரும்."

"நீ வடிகட்டின…" என்று ஆரம்பித்தவன், அக்கா நிற்பதைப் பார்த்து, "…தண்ணி ரொம்பக் கெட்டி மச்சான்" என்று முடித்தான்.

வாசிதி என் பக்கம் வந்து நின்றாள். "மணலையும் கழுவணும். சேத்துத் தண்ணியில கழுவினா சேறுதான் ஒட்டும். பீப்பாயில ஊத்தி, ஒரு நாள் அசையாம வெச்சு, மேலாகத் தெளிஞ்ச தண்ணியிலதான் கழுவணும். ஒரு பீப்பாய்க்குப் பதினாலு வாளி பிடிக்கும். வேண்டாம், உங்க இடுப்பு தாங்காது."

"என் இடுப்பைப் பத்தி நீ கவலைப்படாதே."

பதினாலு வாளி தூக்கினேன். மறுநாள் மணல் கழுவினேன், அலசிய தண்ணீரில் என் கால்விரல் தெரியும்வரை. இன்னும் பதினாலு வாளி. கரியைக் கழுவினேன். கழுவியதில் கரி சுத்தமானது, நான் கரியானேன். லோசானா தூரத்தில் நின்று, அது அப்பாதானா என்று அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு கிட்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாளியின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் செமியின் முகம் தெரிந்தது. அவ்வளவு தெளிவு. அந்த முகத்தில் முதல் தடவையாகக் கேலி இல்லை.

அங்கேயே இரண்டு டம்ளர் குடித்தேன். மூன்றாவதை லோசானாவுக்கு நீட்டினேன். வாசிதி நடுவில் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"முதல்ல பானையில சேரட்டும். எல்லாருக்கும் மொண்டு தரேன்."

பொறாமை, என்று நினைத்தேன். பெண்களுக்கு இருப்பதுதானே.

அன்று சாயங்காலம் செமி வீட்டில் ஆற்று நண்டு. மறுநாள் விடியும்போது எனக்கு வயிறு இளகியது. இரண்டு நாள். வாசிதி உப்பும் சர்க்கரையும் கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

"செமியோட நண்டு," என்றேன்.

"நண்டாத்தான் இருக்கும்," என்றாள்.

செமி மனம் நொந்துபோனான். "அதே நண்டுல நான் எட்டு தின்னேன் மச்சான். எனக்கு ஏப்பம்கூட வரல."

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அடுத்த சோதனை வந்தது. பானையை எட்டிப் பார்த்து வாசிதி உதட்டைப் பிதுக்கினாள்.

"சொட்டு சொட்டா விழுது. இது லோசானாவுக்கே காணாது. வீடு முழுக்கன்னா மூணு வடிகட்டி வேணும். மூணுக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆள் நாள் பூரா நடக்கணும். அதெல்லாம் நடக்கிற காரியமா?"

மூன்று வடிகட்டி ஆனது. நாள் பூரா நடந்தேன்.

"வாராவாரம் கரி மாத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க? கரிக்கு விறகு எங்க? புயல்ல விழுந்த மாமரம் கிடக்குது. அதைப் பிளக்க நாலு ஆள் வேணும். நீங்க ஒத்தை ஆள்."

ஒற்றை ஆளாக மாமரத்தைப் பிளந்தேன். எட்டு நாள். கோடரிக் காம்பு ஒன்று போனது. பிளந்த விறகைச் சமையல்கொட்டகை ஓரம் என் நெஞ்சு உயரம் அடுக்கினேன். கரிக்கு நான் எடுத்தது கால்வாசி. மீதி குறைந்துகொண்டே வந்தது. கேட்டேன்.

"மரவள்ளி வேக வேண்டாமா?" என்றாள்.

விடிந்ததும் நான் ஓடைக்குப் போவேன். திரும்பி வரும்போது கொட்டகையில் புகை. மூடிபோட்ட பெரிய பானை அடுப்பில் தளதளக்கும். மரவள்ளி, என்பாள். எங்கள் மூன்று பேருக்கு அவ்வளவு மரவள்ளி எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது புகழில் இருந்தேன். ஊர்த்தலைவர் வந்து பார்த்து, டம்ளரைத் தட்டிப் பார்த்து, "வைசாகே, உனக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல" என்றார். பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் தண்ணீரைவிட என்னையும் என் கையில் இருந்த வாளிகளையும்தான் அதிகம் பார்த்தார்கள். பிறகு வாசிதியைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டுக்கொண்டு போனார்கள். செய்முறை கேட்கிறார்கள் என்று எனக்குப் பெருமை.

எது எப்படியோ, லோசானாவின் கன்னம் திரும்பி வந்தது. கோழியைத் துரத்தினாள். துரத்திப் பிடித்தும் காட்டினாள். அதைப் பார்க்க இன்னும் நூறு வாளி தூக்கலாம் என்று இருந்தது.

ஒரு மாதம் கழித்து நர்ஸ் கெலெரா படகில் வந்து இறங்கினாள். அவளை நேரே வடிகட்டிகளிடம் கூட்டிக்கொண்டு போனேன். கல்லைப் பற்றி, மணலைப் பற்றி, கரியைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க வைசாகே. மண்ணு, நாத்தம் எல்லாம் இதுலயே நின்னுடும். கிருமி நிக்காது."

"கிருமியா? எங்க இருக்கு? பாருங்க, ஊசி விழுந்தாத் தெரியும்."

"ஊசி தெரியும். கிருமி தெரியாது. அது மணலுக்குள்ள நுழைஞ்சு வந்துடும். இதை அப்படியே குடிச்ச யாருக்காவது வயித்துக்கு ஏதாவது?"

"யாருக்கும் இல்ல. எனக்கு மட்டும், முதல் நாள். அது நண்டு."

கெலெரா வாசிதியைப் பார்த்தாள். வாசிதி தரையைப் பார்த்தாள். செமி வேலிக்கு அந்தப் பக்கம் இருமினான்.

நான் பானையை எட்டிப் பார்த்தேன். "அப்போ ஒரு மாசமா நான் லோசானாவுக்கு…"

"பயப்படாதீங்க," என்றாள் கெலெரா. "நீங்க வடிகட்டி ஆரம்பிச்ச மறுநாளே வாசிதி படகு பிடிச்சு வந்து என்னைக் கேட்டாங்க. வடிகட்டு, அப்புறம் கொதிக்க வைன்னு சொன்னேன். தினமும் காலையில கொதிக்க வெச்சு ஆற வெச்சிருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் குடிச்சது அதைத்தான்."

மரவள்ளி.

நான் தரையில் உட்கார்ந்தேன். முதல் நாள் நீட்டிய அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. என் கையிலிருந்து மகளின் வாய்க்கு ஒரு சாண் தூரம்தான். வாசிதி பக்கம் திரும்பினேன்.

"அதனாலதான் அன்னிக்கு வாங்கி வெச்சியா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே," என்றாள் வாசிதி. குரலில் கோபம் இல்லை. "தண்ணி தூக்குங்கன்னேன், விறகு பிளங்கன்னேன். பார்க்கலாம்னீங்க. அப்புறம் உங்களால முடியாதுன்னேன். சத்தியமா, முதல் தடவை நிஜமாத்தான் சொன்னேன். நீங்க வாளியைத் தூக்கிட்டுப் போனதைப் பார்த்ததும்தான் எனக்கே விஷயம் புரிஞ்சுது. பன்னிரண்டு வருஷம் தெரியாமப் போச்சு."

"வந்த பொம்பளைங்க எல்லாம் கேட்டுக்கிட்டுப் போனது?"

"அதைத்தான்."

அந்த மாதம் ஊரில் ஏன் ஆண்கள் எல்லாரும் வாளியோடு அலைந்தார்கள் என்று அப்போது புரிந்தது. செமியின் தலை வேலிக்கு மேல் மெதுவாக எழுந்தது. அவன் முகத்தில் ரத்தம் இல்லை. "என் பொண்டாட்டியும் வந்தாளா அக்கா?" என்று கேட்டான். வாசிதி வடிகட்டியின் மேல்துணியைச் சரிசெய்தாள். அவன் தலை இறங்கிவிட்டது.

நான் எழுந்து நின்றேன். என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய முடிவை அந்த இடத்திலேயே எடுத்தேன். தண்ணீர் தூக்குவேன், விறகும் பிளப்பேன். அது மகளுக்காக. ஆனால் 'முடியாது' என்ற சொல்லுக்கு இனி ஜென்மத்துக்கும் அசைய மாட்டேன். ஒரு மனிதன் ஒரு பள்ளத்தில் ஒரு தடவைதான் விழலாம்.

கெலெரா பையை மாட்டிக்கொண்டாள். போகும்போது வீட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "வைசாகே, உங்க கக்கூஸ் ஓடைக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. ஊர்ல பாதி வியாதி இப்படித்தான். மேட்டுல ஒரு ஆள் ஆழத்துக்குப் புதுசாக் குழி வெட்டணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

"அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க," என்றாள் வாசிதி மெல்ல. "மேடு பூரா கல்லு. இவரால ஆகாது. செமியைக் கேட்டுக்கறேன், அவன் ரெண்டே நாள்ல வெட்டிடுவான்."

தந்திரம். பட்டப்பகலில், நர்ஸை சாட்சியாக வைத்துக்கொண்டு, என் கண் முன்னால் செய்த தந்திரம். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் செமியின் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது மார்பளவு வெட்டியிருக்கிறேன்.