பிள்ளைக்காம்பரா ஆயா மீது நான் எழுதிய பெட்டிசம்

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டில் எது தவறினாலும் குற்றவாளியைத் தேடி வெளியே கிளம்பிவிடுவேன். கண்ணாடி பார்ப்பது சவரம் செய்ய மட்டும்தான்.

என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். மனைவி மறுபடியும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கியிருந்தாள். பகலில் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பாக்கியம் ஆயா பார்த்துக்கொள்வார். இரண்டு வாரத்தில் மூக்கொழுகியது, இருமியது, மூச்சில் விசில் கேட்டது. ஹட்டனில் போன் பழுதுபார்க்கும் எனக்கு நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதாதா? ஆயா சன்னலைத் திறந்து வைத்தார், பனி உள்ளே வந்தது, சளி பிடித்தது. வழக்கு முடிந்தது.

(அதற்கு முந்தின வாரமே எனக்குச் சளி. ஆனால் அது வெறும் தூசி. அந்தத் தூசியோடுதான் தினமும் பிள்ளையை முத்தமிட்டுக் கொஞ்சினேன்.)

தோட்டத்தை நடத்தும் துரைக்கு, ஆயா மீது புகார் சொல்லிப் பெட்டிசம் எழுதினேன். "ஆயாவின் அசமந்தப் போக்கினால்" என்று தொடங்கும் அருமையான பெட்டிசம். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் தும்மித் தும்மிப் பதினொரு கையெழுத்து வாங்கினேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபிசுக்கு நடந்தபோது, ஆயா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடிவந்தார்.

"தம்பி, புள்ளைக்குப் பால் இழுக்க முடியல. நெஞ்சு உள்ள குழியுது பாருங்க. ஆட்டோவக் கூப்பிடுங்க!"

பார்த்தேன். மூச்சுக்கு மூச்சு விலாவோரம் தோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிள்ளை போய்விடுவாளோ என்ற பயத்தில் ஓடி ஆட்டோவைப் பிடித்து, ஆயாவையும் பிள்ளையையும் ஏற்றினேன். ஆஸ்பத்திரிவரை நான் யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. எனக்கு அது சாதனை.

அங்கே மூக்கிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்து, ஒட்சிசன் வைத்தார்கள். டாக்டரம்மா சொன்னார்: "பிராங்கியோலைட்டிஸ். சின்ன மூச்சுக்குழாய்ங்கள்ல வைரஸ். பனியால வர்றதில்ல, ஆளுக்கு ஆள் தொத்துறது. வீட்ல யாருக்காவது சளி இருந்திச்சா?"

"யாருக்கும் இல்லீங்க டாக்டர்," என்றேன், உடனே மூன்று தும்மல் போட்டேன். கைக்குட்டையை உருவியபோது பெட்டிசமும் கீழே விழுந்தது. ஆயா எடுத்து, நிதானமாக முழுவதும் வாசித்தார்.

"மொதல்ல புள்ள பொழைக்கட்டும் தம்பி. அப்புறம் இதுல பேர மட்டும் மாத்திக்கலாம்."

ஐந்தாம் நாள் பிள்ளை நன்றாகப் பால் குடித்து வீடு திரும்பினாள். நான் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனதோடு மன்னித்துவிட்டு, பிள்ளைக்காம்பராக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்: "சளி உள்ள தகப்பன்மார் உள்ளே வரக்கூடாது." பன்மை வெறும் மரியாதைக்கு என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே தெரியும்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. எழுத்துக்கூட்டி அவள் முதன்முதலில் வாசித்த வாக்கியம் அதுதான். வாசித்து முடித்துவிட்டு, கூட்டிப்போக வந்திருந்த என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நீங்க வெளியவே நில்லுங்க."