நீர் குடிக்க மறுத்த மெத்தை

ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவனுக்கு, உலகத்தில் எல்லாமே தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. கல்யாணமாகித் தலை தீபாவளிக்குக் கடலூரிலிருந்து குமராட்சிப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனபோது, அந்த நினைப்பையும் கூடவே கூட்டிக்கொண்டு போனேன்.

எண்ணெய்க் குளியல் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மதியம் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வாசற்படி வரை வந்துவிட்டது. கூடத்தில் விற்காத குறுவை நெல் மூட்டைகள். ஈரமானால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். மாமனாருக்கு அந்தப் போகத்து வருமானமே அதுதான்.

மாமனாரும் மச்சினன் செந்திலும் கட்டிலில் இருந்த மெத்தையை எடுத்துவிட்டு, மூட்டைகளைக் கட்டில்மேல் ஏற்றப் போனார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"நீங்க உக்காருங்க மாப்ள, நாங்க பாத்துக்கறோம்" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை உட்காரலாம். அறிவியல் வாத்தியார் உட்கார முடியுமா?

"எதுக்கு மாமா மூட்டைய தூக்கறீங்க? பஞ்சு தண்ணிய உறிஞ்சும். மெத்தைய வாசப்படியில போட்டு அடைச்சிட்டா சொட்டுத் தண்ணி உள்ள வராது."

அது சீர் மெத்தை. மாமியார் பார்த்துப் பார்த்து இலவம் பஞ்சு வாங்கித் தைக்கச் சொன்னது. ஆனாலும் மாப்பிள்ளை பேச்சைத் தட்டக் கூடாதென்று மாமனார் மூட்டையைக் கீழே வைத்தார் (அந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டது அதுதான் கடைசி).

பருத்திப் பஞ்சு தண்ணீரைக் குடிக்கும். இலவம் பஞ்சில் மெழுகு மாதிரி ஏதோ இருக்கிறதாம், லேசில் குடிக்காது, மிதக்கும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், வாசற்படியில் போட்ட மெத்தை தண்ணீரோடு சேர்ந்து மேலே வருகிறது என்பதுதான். அமுக்கலாமென்று மேலே குப்புறப் படுத்தேன். மெத்தை என்னையும் ஏற்றிக்கொண்டு படியிலிருந்து நழுவித் தெருவுக்குப் போனது. தெருத் தண்ணீர் வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தார். "யாரு, இந்த வூட்டு மாப்ளயா? அதுக்குள்ள ஊருக்குக் கெளம்பிட்டீங்களா?"

மாமனாரும் செந்திலும் மூட்டைகளை மறந்து என்னைப் பிடிக்க ஓடிவந்தார்கள். மின்கம்பத்தருகே பிடித்தார்கள். திரும்பி வந்தபோது கூடத்தில் கணுக்கால் தண்ணீர். சாக்கு உறிஞ்சியிருந்தது. நெல் உறிஞ்சியிருந்தது. என் பட்டு வேட்டிகூட உறிஞ்சியிருந்தது. மெத்தைக்கு மட்டும் உறை நனைந்ததோடு சரி.

மூன்றாம் நாள் அடிவரிசை மூட்டைகள் முளைவிட்டுவிட்டன. மாமனார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது, அவ்வளவு அவமானம். சாப்பிடும்போது மட்டும் மெதுவாகக் கேட்டார்: "மாப்ள, இதத்தான் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கும் சொல்லித் தர்றீங்களா?"

இப்போதும் டிவியில் கனமழை என்று சொன்னால் போதும், செந்தில் போன் செய்துவிடுவான்.

"மாமா, இங்க மழை ஜாஸ்தி. மூட்டையெல்லாம் மேல ஏத்திட்டோம், மெத்தைய ஜன்னல் கம்பியில கட்டிட்டோம். நீங்க ஒதவிக்கு வந்துடாதீங்க."