கோணல் ஹேண்டில்பார் வதைப் படலம்

தடால்!

காலை ஏழு மணிக்கு எழுந்த அந்தப் பேரோசையில் எதிர்வீட்டுச் சன்னல்கள் அதிர்ந்தன. மதிற்சுவரில் துயின்ற பூனை அடுத்த சுவருக்குத் தாவிற்று. இருநூற்றுப் பதினைந்து கிலோ எடையும், இருபுறமும் பயணப்பெட்டிகளும் தாங்கி, மலையேறவென்றே பிறந்த கருநிற மோட்டார்சைக்கிள், சைட் ஸ்டாண்டைப் போட மறந்த ஒரே குற்றத்துக்காக வாசலில் சாய்ந்து வீழ்ந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கை நீண்டது. தரையில் தெறித்துக் கிடந்த மூக்குக்கண்ணாடியைத் துழாவி எடுத்து, முகம் இருக்கும் திசையில் மாட்டிற்று.

வாழி, எம் வீரர்! கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை கண்ட பெருமகன் வாழி! ஊரார் மூக்குகளின் மீதெல்லாம் ஃபிரேமை நூல் பிசகாமல் நிறுத்தி, "உங்களுக்குச் சிலிண்டர் பவர் சார், எனக்கும் அதேதான். ஃபிரேம் லேசா திரும்பினாலும் நேர்கோடு சாஞ்சுதான் தெரியும்" என்று நாளொன்றுக்கு நாற்பது தடவை முழங்கும் திருவாய் வாழி! ஐம்பத்திரண்டாம் வயதில் தம் தொப்பைக்குள் ஒரு சிறுத்தை உறுமக் கேட்டு, எட்டு நாள் மலைப்பயணம் போவதாக வாடிக்கையாளர் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்த துணிவு வாழி, வாழி!

ஒன்பது மணி கெடு. தெருக்கோடிப் பெட்ரோல் பங்கில் 'சக்கரச் சிங்கங்கள்' என்னும் ஐவர் படை அவருக்காகக் கூடவிருந்தது. படைத்தலைவன் வேறு யாருமல்லன், மனைவியின் தம்பி. "மாமா வண்டி வாங்கினதே பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கத்தான்க்கா!" என்று நேற்று போனில் சிரித்தவன். அக்காவின் போன் ஸ்பீக்கரில் இருந்தது அவனுக்குத் தெரியாது. அந்தச் சொல்லம்பு வீரரின் நெஞ்சில் இன்னும் பிடுங்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

செய்தித்தாள் போட வந்தவர் ஒரு கை கொடுக்க, வண்டி எழுந்தது. வீரர் ஏறி அமர்ந்து நோக்கினார். ஐயகோ! முன்சக்கரம் கிழக்கே பார்க்க, ஹேண்டில்பாரோ பந்தியில் உபசாரம் குறைந்த சம்பந்தியைப் போல் முகத்தை ஓரமாகத் திருப்பிக்கொண்டிருந்தது.

ஈரக்கையோடு ஓடிவந்த மனைவியார் கணவரின் முகத்தைப் பார்த்தார். "ஏங்க, உங்க..." என்று தொடங்கினார். வீரர் போல்ட் திருகும் அலன் கீயை வாளென உயர்த்தினார்.

"இந்த ஹேண்டில்பார் நேராகுற வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது! இது என் ஆணை!"

இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில், இட்ட ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியே இட்டவரைக் கவிழ்க்கும் கலையில் தேர்ந்தவர் அம்மையார். "சரி" என்றுகூடச் சொல்லவில்லை. துணிக்கூடையை எடுத்துவந்து, படிக்கட்டில் அமர்ந்து, மடிக்கத் தொடங்கினார்.

மூண்டது போர். முன்சக்கரத்தை முழங்கால்களின் இடையே சிறைப்பிடித்து, ஹேண்டில்பாரை மதயானையின் கொம்புகளெனப் பற்றித் திருகினார் வீரர். யானை அசையவில்லை, இடுப்பு அசைந்தது. பிறகே அறிவைத் துணைக்கு அழைத்தார். முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களைக் கவ்வியிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தினார். சக்கர அச்சின் நட்டைத் தளர்த்தினார். ஒன்றும் அறியாத மட்கார்டின் திருகுகளையும் விட்டுவைக்கவில்லை. மீண்டும் திருகினார். 'டக்'! மூக்குநுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடியைக் கிரீஸ் படிந்த மணிக்கட்டால் மேலே தள்ளி, ஒரு கண்ணை மூடி நோக்கினார். இடப்பக்கம் கோணல்!

இரண்டாம் முறை 'டக்' என்றதும் படிக்கட்டில் அம்மையாரின் வாய் திறந்தது. வீரரின் விரல் எழுந்தது. வாய் மூடிற்று. ஒரு சட்டை மட்டும் தேவைக்கு மேல் அழுத்தமாக மடிக்கப்பட்டது. வீரர் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு நோக்க, இப்போது வலப்பக்கம் கோணல்!

மூன்றாம் முறை இடம், நான்காம் முறை வலம், ஐந்தாம் முறை எப்பக்கம் என்றே விளங்காத ஒரு புதுக்கோணல் என்று, வெட்ட வெட்டத் தலை முளைக்கும் அரக்கனாய் அந்த இரும்புக்குழல் எள்ளி நகையாட, வேர்வை புருவக்கரை உடைத்துப் பெருக, குனிந்தும் நிமிர்ந்தும் தளர்த்தியும் முறுக்கியும் கண்ணாடியைத் தள்ளியும் ஆறாம் சுற்றையும் ஆடி முடித்தார் நம் வீரர்.

எட்டே முக்காலுக்குப் போன் அலறிற்று.

"மாமா, கிளம்பலாமா? இல்ல, போட்டோ மட்டும் அனுப்பறீங்களா?"

பின்னணியில் நான்கு சிங்கங்கள் சிரித்தன. அச்சிரிப்பே உலைக்களமாக, மலையைப் பெயர்க்கும் வேகத்தோடு ஏழாம் முறை திருகினார். 'டக்'! போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினார். எழுந்தார். கண்ணாடியைத் தள்ளினார். நோக்கினார்.

கோணல்.

அலன் கீ கைநழுவி விழுந்தது. வாசல்தரையில் அப்படியே அமர்ந்தார், எட்டு நாள் மலைப்பயணம் சொல்லிவைத்த பெருமகன். "உன் தம்பிகிட்ட சொல்லிடு. மாமாவுக்கு உடம்பு சரியில்ல, வரலைன்னு."

அம்மையார் சொல்லவில்லை. ஆணை அமலில் இருந்தது. கூடையை இறக்கி வைத்து, துவைத்த பைஜாமா ஒன்றிலிருந்து நாடாவை உருவினார். வண்டியின் முன்னே மண்டியிட்டு, வலக் கைப்பிடி முனையிலிருந்து சக்கர அச்சின் வல முனைவரை நாடாவைப் பிடித்து, விரலால் அடையாளம் வைத்தார். அதே அளவை இடப்பக்கம் வைத்துப் பார்த்தார். பொருந்திற்று. மறுபடி ஒருமுறை அளந்தார். மறுபடியும் பொருந்திற்று. அதன் பின்னரே, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தம் கணவரின் முகத்துக்கு நேரே குனிந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வாய் திறந்தார்.

"இப்ப நேரா இருக்கு, அதனால பேசறேன். ரெண்டாவது தடவையும் நேராத்தான் இருந்துச்சு. காலைலேருந்து கோணலா இருக்கறது உங்க மூக்குல இருக்கற கண்ணாடி."