நிழல் விழாத மூதூர் லாஞ்ச்

சிவமயம்

உப்புவெளி,
திருகோணமலை.
12 ஏப்ரல் 2025

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மருமகன் கஜீபன் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் மாமியும் வெயிலைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். அவ்விடம் நீங்களும் மகள் ஜெயரூபியும் குளிரைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். வேண்டுதல் இத்துடன் முடிகிறது. இனி வருவது முறைப்பாடு.

பேர்கன் நகரத்தில் கப்பல் கம்பனியில் பார்க்கும் நிரந்தர உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஃபிளைட் சிமியுலேட்டர் என்ற கணினிப் பறப்பு விளையாட்டுக்குக் கப்பல் உருவங்கள் செய்து கொடுக்கும் சிறிய இடமொன்றில் சேர விரும்புவதாகப் போன மாதம் சொன்னீர்கள். மாமாவின் சம்மதம் இல்லாமல் சேர மாட்டேன் என்றும், சித்திரை வருஷம் பிறக்கமுதல் பதில் வேண்டும் என்றும் கேட்டீர்கள். கேட்ட முறையில் குறை சொல்ல இடமில்லை. பறக்கிற விளையாட்டில் கப்பலுக்கு என்ன அலுவல் என்று நான் கேட்டேன். மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் துறைமுகம் வெறுமையாகத் தெரியக் கூடாது என்றீர்கள். அதையும் ஏற்றுக்கொண்டேன். நான் சுங்கத்தில் இருந்தவன். வெறும் துறைமுகம் எனக்கும் ஆகாது.

ஆனால் பெட்டியைத் திறந்து பாராமல் நான் எந்தச் சரக்குக்கும் கையெழுத்து வைத்தவனல்லன். அது தெரிந்துதான் நீங்களும் ஊருக்கு வந்த நண்பர் கையில் ஒரு கணினியைக் கொடுத்தனுப்பி, அதை எங்கள் டிவியோடு பொருத்துவித்து, மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போன அந்தப் பழைய மோட்டார்ப் படகை, உங்கள் கைவேலையாகிய மூதூர் லாஞ்சையும் அதற்குள் வைத்துவிட்டீர்கள். "மாமா, அங்க இப்ப என்ன நேரமோ அதே நேரம்தான் இதிலயும். வெயிலும் அப்பிடித்தான். நீங்கள் ஒண்டிலயும் கை வைக்கத் தேவையில்லை, பறந்தாச் சரி" என்று போனில் சொன்னீர்கள்.

பறந்தேன். சீனன்குடா விமானத்தளத்தில் ஹெலிகொப்டரில் எழும்பி, முதல் தடவை சீனன்குடாவிலேயே விழுந்தேன். அடுத்த தடவை துறைமுகம்வரை வந்தபோது குசினியில் இருந்து எட்டிப் பார்த்த உங்கள் மாமி, "கோணேசர் மலைக்கு மேலால போகாதேங்கோ, சொல்லிப்போட்டன்!" என்று போட்ட சத்தத்தில் கையைத் திருப்பிக் கடலுக்குள் போனேன். பிறகு ஒரு நாள் ஒருவழியாக லாஞ்ச் கட்டும் ஜெற்றிக்கு மேலே வந்து நின்று, உங்கள் லாஞ்சைக் கீழே கண்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். நிறம் சரி. பக்கத்தில் தொங்கும் டயர் சரி. இருக்கைப் பலகையில் பெயின்ற் உரிந்திருப்பதுகூடச் சரி. ஆனால் நிழல் இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு நிழல் இல்லை. கடதாசியில் வெட்டி ஒட்டிய படம் போல லாஞ்ச் நின்றது.

ஒரு நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கிழமை முழுவதும் பார்த்தேன். அதுவும் சரியாக நண்பகலில் பார்த்தேன். காலையில் எனக்குச் சந்தையும் கோயிலும் இருக்கின்றன. பின்னேரம் தொடக்கம் படுக்கப் போகும்வரை டிவி உங்கள் மாமியின் நாடகங்களுக்குச் சொந்தம். அதைவிட, நிழலைப் பரிசோதிப்பதற்கு நண்பகலே உரிய நேரம் என்பது என் முடிவு. வெயில் எப்போது அதிகமோ அப்போதுதானே நிழலும் அதிகமாக இருக்க வேண்டும்? மங்கிய வெளிச்சத்தில் சரக்கைச் சோதித்துவிட்டுப் பிறகு ஏமாந்தேன் என்று சொல்லும் ஆள் நானல்லன். பக்கத்தில் உள்ள அரசாங்கக் கச்சேரிக் கட்டடத்துக்கும் நிழல் இல்லாததைக் கவனித்தேன். அதை நீங்கள் செய்யவில்லை என்றபடியால் மன்னித்துவிட்டேன்.

உங்களிடம் போனில் கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

"மாமா, எனக்கு வடிவா விழுது. விடிய வேலைக்குப் போகமுதல் பாத்தனான். இருங்கோ, படம் அனுப்புறன்."

படமும் வந்தது. லாஞ்சின் நிழல் பாயை விரித்த மாதிரித் தண்ணீரில் கிடந்தது.

"இது எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"திருகோணமலைதான் மாமா. அதே ஜெற்றி."

"அப்ப எனக்கு ஏன் விழேல்ல?"

"நீங்கள் எதிலயாவது கை வைச்சனீங்களோ?"

கஜீபன், சுங்கத்தில் இருந்து ஒன்றிலும் கை வைக்காமல் ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் இந்தக் கேள்வியை அரசாங்கமே கேட்டதில்லை. எனக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. நல்ல சரக்கை வெள்ளைக்காரனுக்கு வைத்துக்கொண்டு, நிழல் கழித்த சரக்கை ஊருக்கு அனுப்புகிறீர்கள். இந்த விளையாட்டை நான் துறைமுகத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தேயிலையில் பார்த்திருக்கிறேன், கறுவாப்பட்டையில் பார்த்திருக்கிறேன். சொந்த மருமகன் நிழலில் செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

இருந்தாலும் ஒருதலையாக முடிவு செய்யக் கூடாது என்று, உட்துறைமுக வீதியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் அஸ்ஹானைக் கூப்பிட்டேன். அவர் வந்து, நிழலுக்கென்று இருக்கிற அளவுகள் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினார். கணினி முச்சக்கரவண்டி மேடு ஏறுவதுபோல இரைந்தது. லாஞ்சின் கயிற்றில் உள்ள முறுக்குகூடத் தெரிந்தது. நிழல் தெரியவில்லை. உங்கள் மாமி அந்த நேரம் பார்த்துக் கிரைண்டரைப் போட, வீட்டு மின்சாரம் முழுவதும் விழுந்தது. சட்னி பாதியில் நின்றதற்கும் நான்தான் ஏச்சு வாங்கினேன்.

அஸ்ஹான் மறுநாள் வந்து உங்கள் லாஞ்ச் இருக்கும் கணினிக் கோப்பையே திறந்து பார்த்தார். "சேர், இந்தக் கப்பல் எல்லாம் சின்னச் சின்னத் தகட்டால செஞ்சது. ஒவ்வொரு தகட்டுக்கும் உள்பக்கம் ஒண்டு, வெளிப்பக்கம் ஒண்டு. மாறித் திரும்பிட்டா வெயில் அதைத் தகடெண்டே கணக்கெடுக்காது. நிழலும் விழாது" என்றார்.

"எத்தினை தகடு மாறிக் கிடக்குது?"

"பாக்க எல்லாம் சரியாத்தான் இரிக்கி சேர்."

"சரியா இருந்தா நிழல் விழோணுமே?"

"ஓம் சேர். விழத்தான் வேணும்."

"விழேல்ல. அப்ப எல்லாம் பிழை. எல்லாத்தையும் திருப்பும்."

அவர் தலையைச் சொறிந்தார். எனக்கு எதிர்க்கதை சொல்ல மனம் இல்லாமல் கோப்பைக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். இன்றைக்குப் பின்னேரம் தருவார். நீங்கள் விட்ட பிழையை உப்புவெளியில் இருந்து நான் திருத்த வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தவரைக்கும் பொறுத்தேன். நேற்று மஹ்ரூப் வந்தான். அந்த லாஞ்சின் சுக்கானைப் பிடித்த அதே மஹ்ரூப்தான். நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் உங்களை ஏற்றி இறக்கியவன். "என்ட மருமகன் உன்ட லாஞ்சை நோர்வேயில இருந்து செய்து அனுப்பியிருக்கிறார், வந்து பார்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். மனிதன் கிண்ணியாவில் இருந்து பஸ் ஏறி, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணி வெயிலில் வந்தான். கதிரையில் இருந்து டிவியைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"என்ன சேகரம், இது தண்ணீலயா நிக்கிது, அந்தரத்துலயா நிக்கிது?"

"தண்ணீலதான்."

"தண்ணீல நிக்கிற சாமானுக்கு நிழல் எங்க? இது ஜின்னுட லாஞ்ச் மச்சான். நான் ஓட்டினது ஆக்கள் போற லாஞ்ச்."

குசினிக்குள் மாமி சிரித்தது எனக்குக் கேட்டது.

"மருமகன் இன்னும் வேலையை முடிக்கேல்ல" என்றேன். உங்களுக்காகப் பொய் சொன்னேன், கஜீபன்.

"அப்ப மருமகனுக்குச் சொல்லு, கறுப்புப் பெயின்ற் மிச்சமிருந்தாக் கீழால கொஞ்சம் பூசிவிடச் சொல்லி" என்று எழும்பினான். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அந்த லாஞ்சை ஒருவன் நோர்வேயில் இருந்து நினைத்துச் செய்திருக்கிறான் என்றதும் அவன் முகம் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும். படலையைத் திறந்து போகும்போது எப்படியிருந்தது என்றும் தெரியும்.

ஆகவே என் பதில் இது. வெயிலில் நிற்கும் ஒரு லாஞ்சுக்கு நிழல் வைக்கத் தெரியாத ஒருவர், அந்த வேலையை நம்பி என் மகளையும் வைத்துக்கொண்டு குளிர் நாட்டில் இருக்கிற உத்தியோகத்தை விடுவதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. கப்பல் கம்பனியிலேயே இருங்கள். அங்கே கப்பல்களுக்கு நிழல் தானாக விழும், நீங்கள் செய்ய வேண்டியதில்லை. ஜெயரூபி அழுவாள் என்று மாமி சொல்கிறா. அழட்டும். அவளுக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டவும்.

தபாலில் போட்டால் வைகாசியில்தான் கிடைக்கும். அஸ்ஹான் வந்ததும் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

பிறக்கும் வருஷம் உங்கள் இருவருக்கும் நோய்நொடியில்லாத, நிலையான உத்தியோகமுள்ள வருஷமாக அமைய என் ஆசி. மாமியின் அன்பு ஜெயரூபிக்கு. உங்களுக்கும் உண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை மட்டுமே நினைக்கும் மாமா,
க. சோமசேகரம்
(ஓய்வுபெற்ற சுங்க உத்தியோகத்தர்)

பிற்குறிப்பு: எழுதியதை வெட்டித் திருத்தும் பழக்கம் எனக்கு இல்லாதபடியால் மேலே உள்ளது அப்படியே இருக்கட்டும். கையெழுத்து வைத்து முடிய, காய்ந்த உடுப்புகளோடு உள்ளே வந்த உங்கள் மாமி, "இஞ்சேருங்கோ, இண்டைக்கு எங்கட ஊருக்குச் சூரியன் உச்சமாம், ரேடியோவில சொன்னவங்கள். உண்மைதான். மத்தியானம் உடுப்புக் கொடிக்கம்பத்துக்கு நிழலே இல்லை, பாத்தனான்" என்றா. சித்திரை வரும்போது சூரியன் நாட்டுக்கு மேலால் வடக்கே போவதும், ஒவ்வொரு நாளும் எந்தெந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும் என்று செய்தியில் சொல்வதும் எனக்குத் தெரியாததல்ல. வருஷா வருஷம் விசிறிக்கொண்டு கேட்கிறவன்தான். இந்தக் கிழமை எங்கள் முறை என்பதை யோசிக்கவில்லை. லாஞ்சின் நிழல் அத்தனை நாளும் லாஞ்சுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. ஆனாலும் பிழை உங்களுடையதுதான். வெயிலை இவ்வளவு சரியாக வைத்திருப்பவர் அதை மாமாவுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கிடையில் அஸ்ஹான் கோப்போடு வந்துவிட்டார். மாமி நாடகத்தை விட்டுத் தந்தா. நாலு மணி வெயிலில் பறந்து போய்ப் பார்த்தேன். நிழல் விழுந்திருக்கிறது. கம்பம், கூரை, கைபிடிக் கம்பி, தொங்கும் டயர், எல்லாவற்றுக்கும் தனித்தனி நிழல். லாஞ்சைத்தான் காணவில்லை. "தகடு எல்லாம் இப்ப உள்ளுக்குப் பாத்துக்கொண்டு நிக்கிது சேர், அதான் வெளியால நிண்டு பாக்கத் தெரியல்ல. நிழலுக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான் போல, நான் பிழையாச் சொல்லிட்டன்" என்கிறார் அஸ்ஹான். பழைய கோப்பு எங்கே என்று கேட்டேன். "அதுக்கு மேலதான் சேர் சேவ் பண்ணினன்."

இந்த நேரம் பார்த்து, வருஷத்துக்கென்று தயிர்ச்சட்டியோடு மஹ்ரூப் வந்து நிற்கிறான். நேற்றைய கோபம் அவனுக்கு ஒரு நாளைக்கு மேல் தாங்காது. டிவியைப் பார்த்தவன் சட்டியை நிலத்தில் வைத்துவிட்டுக் கிட்டப் போனான். நிழலில் கூரைக்குழாய் ஒன்று வளைந்து கிடந்தது. "யா அல்லா, இந்தக் குழாய் மூதூர் ஜெற்றில இடிச்சு நான் வளைச்சது! ஆரும் காணல்ல எண்டு இரிந்தனே. உன்ட மருமகன் அந்த வயசுல இதையும் பாத்து வெச்சிரிக்கான்" என்று, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தவன் இன்னும் எழும்பவில்லை. நீங்கள் வைத்திருக்கும் பின்னேரப் பயண நேரம் வந்துவிட்டதுபோல, வெறும் நிழல் கரையை விட்டு மூதூர்ப் பக்கம் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. மேலே லாஞ்ச் இல்லை என்று நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "பேசாம இரி மச்சான், போற வழியப் பாப்பம்" என்கிறான்.

ஆகவே மேலே சம்மதம் இல்லை என்று எழுதிய இடத்தைச் சம்மதம் என்று வாசிக்கவும். உத்தியோகத்தை விடும் கடிதத்தை இன்றே கொடுக்கலாம். அதற்கு முதல் லாஞ்சை மட்டும் உடனே திருப்பி அனுப்பவும். மூதூர் ஜெற்றி கிட்டிவிட்டது. கயிற்றை எதில் கட்டுவது என்று மஹ்ரூப் கேட்கிறான்.