க்ளோசப் அண்ணாச்சி தள்ளி நின்று எடுத்த படம்

திருநெல்வேலி ஜில்லாவில் க்ளோசப் அண்ணாச்சியைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, போலீஸ்காரர்கள். இன்னொன்று, அவர் படம் எடுத்த ஆட்கள். அவர்களால் சுளிக்க முடியாது. அவர் படம் எடுத்ததெல்லாம் பிணங்களை.

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. ஆற்றில் மிதந்து வந்தவர், தண்டவாளத்தில் கிடந்தவர், பூட்டிய வீட்டுக்குள் நாற்றம் வந்த பிறகு கண்டெடுக்கப்பட்டவர் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முகம், கழுத்து, கை, கால் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் போய்க் குனிந்து எடுக்க வேண்டும். "இன்னும் க்ளோசப்" என்று இன்ஸ்பெக்டர்கள் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் நின்றுவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நான் அப்போது ஒரு நாளிதழுக்குக் குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அவர் போகிற இடத்துக்கெல்லாம் நானும் போக வேண்டியிருந்தது. எங்கள் சிநேகிதம் அப்படிப்பட்ட இடங்களில்தான் வளர்ந்தது.

அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரு தெருவில் ரிப்பேராகி நின்றால் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிடும். "யாரு? யாரு வீட்டுல?" என்று அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு கல்யாணத்துக்குக்கூட அவரைப் படம் எடுக்கக் கூப்பிட்டதில்லை. விருந்தாளியாகவும் கூப்பிட்டதில்லை. ஊரிலேயே அதிகம் குளித்த மனிதர் அவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு தடவை வேலை முடிந்து வரும்போதும், புறவாசல் வழியாக வந்து, உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றினால்தான் வீட்டுக்குள் சோறு.

விவரம் தெரியாத வெளியூர் மாணவர்கள் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்து மாட்டிக்கொள்வதுண்டு. அண்ணாச்சி மூக்குக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய், "கண்ண மட்டும் மூடிராதீரும். என் படத்துல கண்ண மூடுனவன் யாரும் திரும்பத் தொறந்ததில்ல" என்பார். அந்தப் படங்களில் எல்லாருக்கும் கண் முட்டை முட்டையாக இருக்கும்.

பிறகு காலம் மாறியது. போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு நல்ல போன் வைத்துக்கொண்டார்கள். பிணத்தை அவர்களே எடுத்தார்கள். சிக்கலான கேஸ்களுக்கு மட்டும் அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அப்படி ஒரு நாள் ஒரு குளத்தங்கரையில் குனிந்து ஒரு கையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், இடுப்பு பிடித்துக்கொண்டதால் நிமிர்ந்தார். எதிரே தண்ணீரில் கூழைக்கடாக் கூட்டம். அவர் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றார். "என்ன அண்ணாச்சி, வர்ம நரம்பு ஏதும் இழுத்துட்டா?" என்று கேட்டேன்.

"இல்லவே. அதெல்லாம் அசையுது பாத்தீரா?" என்றார்.

மறுநாளே கேமராவோடு அந்தக் குளத்துக்குப் போனார். தொழில் பழக்கத்தில் நேரே பக்கத்தில் போனார். பறவைகள் பறந்துவிட்டன. இன்னொரு நாள் தவழ்ந்து போனார். அப்போதும் பறந்துவிட்டன. "நம்மள ஊர்க்காரனுவதான் கண்டு ஓடுதானுவன்னு பாத்தா, இதுகளும் ஓடுதுவே" என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் ஒரு பறவை ஆர்வலர் அவருக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பைப் பற்றிச் சொன்னார். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற ஒற்றைக் குழாய். கண் வைத்துப் பார்க்கிற முனையில் இருக்கும் ஐபீஸின் மேல் ஒரு அடாப்டரை மாட்டி, அதில் போனைப் பொருத்திவிட்டால், குழாய் காட்டுகிறதை போன் படம் எடுக்கும். பறவைக்கு நாம் இருப்பதே தெரியாது. இந்தக் கலைக்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர்.

பறவைக்குத் தெரியாது என்ற ஒரு வார்த்தையில் அண்ணாச்சி விழுந்துவிட்டார். ஸ்டூடியோவின் பெரிய விளக்குகளையும் வெள்ளைக் குடைகளையும் விற்றார். ஆனால் எந்த ஸ்கோப், எந்த ஐபீஸ் என்று முடிவெடுப்பதற்குள் எங்கள் எல்லோருடைய உயிரையும் எடுத்துவிட்டார். டீக்கடையில் வடையை எடுக்கும்போது, "கண்ணாடி அகலம் அறுபத்தஞ்சா, எம்பதா?" என்பார். அகலம் கூடினால் விடிகாலை மங்கலிலும் படம் தெளிவாக வரும், ஆனால் குழாய் பெருத்துவிடும். "நேர்க் குழாயா, வளைஞ்ச குழாயா?" என்பார். நேர்க் குழாயில் பறவையைச் சட்டென்று பிடிக்கலாம். வளைந்ததில் தலையைக் குனிந்து நெடுநேரம் பார்க்கலாம். நான் செய்தி எழுதிக்கொண்டிருக்கையில் போனில் வந்து, "மூக்குக் கண்ணாடி போட்டவனுக்கு ஐபீஸ்ல கண்ணு எவ்வளவு தள்ளி இருக்கலாம்?" என்று கேட்பார். டீக்கடைக்காரர் ஒரு கட்டத்தில், "அண்ணாச்சி, வளைஞ்சதையே வாங்கும். எங்களுக்குக் கழுத்து வலிக்கி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைசியில் மதுரையிலிருந்து ஒரு விற்பனையாளர் இரண்டு ஸ்கோப்களோடு வந்தார். வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்த மனிதர். ஸ்டூடியோ மொட்டை மாடியில் சோதனை நடந்தது. தூரத்துத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருப்பதை அண்ணாச்சி படித்துப் பார்த்தார். தென்னை மட்டையில் இருந்த காக்காயைப் பார்த்தார். பிறகு குழாயைப் பையத் திருப்பிக்கொண்டே வந்தபோது நாலு வீடு தள்ளி ஒரு பெண் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அலறிவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டப் பாக்காதீய! எங்க அத்தை இன்னும் நல்லாத்தான் இருக்காவ!"

"யாருட்டளா பேசுத?" என்று உள்ளேயிருந்து அத்தையே குரல் கொடுத்தாள். அண்ணாச்சி அவசரமாகக் குழாயை மேற்கு மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விற்பனையாளர் ஜூம் ஐபீஸை வாங்கச் சொல்லி மன்றாடினார். திருகத் திருகப் பறவை கிட்டே வரும், கண்ணில் இருக்கும் வளையம்கூடத் தெரியும் என்றார். அண்ணாச்சி திருகிப் பார்த்தார். பெரிதாகப் பெரிதாகப் படம் மங்கியது, வெயில் அலையில் நடுங்கியது. பெரிதாக்காமல் விட்டால் போன் திரையைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்தது. இன்னொரு ஐபீஸ் இருந்தது. திருக முடியாது. ஒரே அளவுதான். ஆனால் அகலமாகக் காட்டும். பறவையும் தெரியும், அதைச் சுற்றி நிறையத் தண்ணீரும் தெரியும்.

"இதுதான்" என்றார் அண்ணாச்சி.

"சார், இதுல ரொம்பக் கிட்டப் பாக்க முடியாதே."

"கிட்டப் பாத்ததெல்லாம் போதும்யா. அதுபாட்டுக்கு அது அங்கன இருக்கட்டும்."

எண்பது மில்லிமீட்டர் கண்ணாடி, வளைந்த குழாய், அகல ஐபீஸ். அதுதான் முடிவு.

அவருடைய முதல் படங்களைப் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். எடுத்தவர் க்ளோசப் என்பது எந்தப் பறவையைப் பார்த்தாலும் தெரிந்தது. முன்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் விவரம் எழுதி எனக்கு அனுப்புவார். "நாமக்கோழி. பெண் போல் தெரிகிறது. வயது சுமார் இரண்டு. உடலில் காயம் ஏதும் இல்லை." கூழைக்கடாவுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைக்க முடியவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். போகப்போகப் படங்கள் மாறின. பறவை ஒரு ஓரத்தில் இருக்கும். மீதியெல்லாம் தண்ணீர், வானம், நாற்று. விவரம் எழுதுவதையும் விட்டுவிட்டார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு குளத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். பட்டைத்தலை வாத்துகள் வந்திறங்கியிருந்தன. அண்ணாச்சி கரையில் முக்காலியை ஊன்றி, போனை மாட்டி, வீடியோ ஓடவிட்டார். நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"வே" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "இங்கன வாரும்."

திரையில் வாத்துக் கூட்டம். அதற்கும் அப்பால், எதிர்க்கரையில், படத்தின் ஓரமாக ஒரு ஆள். நாற்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளைச் சட்டை. வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"குளிக்க வந்திருப்பான்" என்றேன்.

"குளிக்க வந்தவன் செருப்ப உதறிப் போடுவான். இவன் ஜோடியா வச்சு, சட்டப்பையில இருந்து போன எடுத்து அதும்மேல வச்சிருக்கான். ஓடும் வே!"

அந்த ஆள் முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தான். அண்ணாச்சி கத்தினார். குளம் பெரிது, சத்தம் போய்ச் சேரவில்லை. வாத்துகள்தான் கிளம்பின. நான் அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு கரை மேல் ஓட்டினேன். அவர் அடாப்டரோடு போனைப் பிடுங்கி என்னைக் கூப்பிட்டு, காதில் வைத்துக்கொண்டு, கண்ணை ஐபீஸில் அழுத்திக்கொண்டு, எனக்கு வழி சொன்னார். "இன்னும் முன்னால... அந்தக் கருவேல மரத்துக்கு நேரா... இடுப்பளவு போயிட்டான்... வே, தல மட்டுந்தான் தெரியுது." உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு உடைந்திருந்த இடத்தில் வண்டி போகவில்லை. போட்டுவிட்டு ஓடினேன். அங்கே வளர்ப்பு வாத்துகளை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தண்ணீரைக் காட்டினேன். அவர் துண்டை எறிந்துவிட்டுக் குதித்தார். காதில் அண்ணாச்சியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. "தெரியல வே. இப்பத் தெரியல."

வெளியே கொண்டுவந்தோம். நெஞ்சை அமுக்கினோம். தண்ணீர் வந்தது, மூச்சு வரவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்கள்.

அண்ணாச்சி ஸ்கோப்பைத் தோளில் சுமந்துகொண்டு கரையைச் சுற்றி நடந்தே வந்து சேர்ந்தார். அதற்குள் போலீஸும் வந்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"அண்ணாச்சி, நீரே இருக்கீரா? நல்லதாப் போச்சு. ரெண்டு க்ளோசப் எடுத்துரும்."

அண்ணாச்சி அசையவில்லை. "என்னால ஆவாது சார்."

"ஏன், மேலுக்கு முடியலியா?"

"இவன் நடந்து வந்தத நான் பாத்துட்டேன் சார்."

சப்-இன்ஸ்பெக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒரு கான்ஸ்டபிளிடம் கண்ணைக் காட்டினார். கான்ஸ்டபிள் தன் போனை எடுத்தார். அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வரும்போது வண்டியில் என் முதுகுக்குப் பின்னால், ஒரே ஒரு தடவை பேசினார். "இத்தன வருசத்துல ஒருத்தனையும் உசுரோட பாத்ததில்ல வே. படுத்துக் கெடந்தவனத்தான் பாத்திருக்கேன். அவனுவளும் இப்படித்தான நின்னுக்கிட்டு இருந்திருப்பானுவ?" நான் வண்டியை ஓட்டினேன்.

அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தான் என்று அவன் ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். அதில் ஒன்றையும் நான் எழுதப்போவதில்லை.

ஸ்கோப் பெட்டிக்குள் போய்விட்டது. அண்ணாச்சி டீக்கடைக்கும் வரவில்லை. மாசி பிறந்த பிறகு ஒரு நாள் போனில், "ஸ்டூடியோவுக்குக் கொஞ்சம் வாரும் வே" என்றார். போனேன். அந்த ஆளின் மனைவி, தன் தம்பியோடு உட்கார்ந்திருந்தாள். வீடியோ இருப்பதை போலீஸ் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள்.

அண்ணாச்சி என்னை வெளியே கூட்டிவந்தார். "காட்டலாமா வே?"

"எனக்குத் தெரியல அண்ணாச்சி."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் போனை அவள் கையில் கொடுத்தார்.

அவள் பார்த்தாள். அவன் வந்தான், செருப்பைக் கழற்றினான், நின்றான். நெடுநேரம் நின்றான். முழங்கால் தண்ணீரில் அவன் இறங்கியதோடு வீடியோ முடிந்துவிட்டது.

"இது என்ன பறவ?" என்று கேட்டாள்.

"பட்டைத்தலை வாத்தும்மா. இமயமலைக்கு அங்கிட்டு இருந்து வருது."

"அவுஹ இதயா பாத்துக்கிட்டு நின்னாஹ?"

"ஆமாம்மா."

"மொகம் தெரியலியே. கொஞ்சம் பக்கத்துல காட்டுங்களேன்."

எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் கேட்டு உடனே எடுத்துக் கொடுத்தவர், இந்தப் பெண்ணிடம் தலையைக் குனிந்துகொண்டார். "பக்கத்துல கொண்டாந்தா கலங்கிருதும்மா. இவ்வளவுதான் தெரியும்."

வீடியோவிலிருந்து அவன் நிற்கிற இடத்தை ஒரு படமாக எடுத்து, பெரிதாகப் போட்டு, சட்டமும் மாட்டிக் கொடுத்தார். முக்கால்வாசி தண்ணீர். நடுவில் வாத்துகள். ஓரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை. தம்பிக்காரன் பார்த்துவிட்டு, "ஆளே தெரியலியே அக்கா, பூரா வாத்தால்லா இருக்கு" என்றான்.

"எனக்குத் தெரியுது" என்றாள் அவள். படத்தைச் சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி மறுபடி ஸ்கோப்பை வெளியே எடுத்தார். இப்போதெல்லாம் போனவுடன் பறவையைப் பார்ப்பதில்லை. முதலில் குழாயைப் பைய நகர்த்திக் கரையை ஒரு சுற்றுப் பார்க்கிறார். ஆடு மேய்க்கிறவர், துணி துவைக்கிறவர், தூண்டில் போடுகிறவர் எல்லாரையும் பார்க்கிறார். எல்லாரும் சரியாக இருக்கிறார்கள் என்று திருப்தியான பிறகுதான் போனை மாட்டுவார்.

போன மழைக்காலத்திலிருந்து அவருக்கு முட்டி சரியில்லை. அதனால் முக்காலியையும் ஸ்கோப்பையும் நான்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். எனக்கு இன்றைக்கும் உள்ளானுக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. கரையில் நாலு எட்டுக்கு ஒருதரம் அவர் பின்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "கனக்கா வே?" என்று கேட்பார். தோள் இற்று விழுகிற மாதிரித்தான் இருக்கும்.

"இல்ல அண்ணாச்சி. நீரு பைய வாரும்" என்பேன்.