புயலின் இடுப்பும் இருக்கைக் குழுவும்

கார் ஓட்டுகிற எல்லோருக்கும் இடுப்பு உண்டு. இந்த எளிய உண்மையை ஒரு பந்தய அணியின் நிர்வாகம் ஒப்புக்கொள்ள மறுத்ததால்தான் அந்த வருடம் செய்தித்தாள்கள் தலையங்கம் எழுதின. தொலைக்காட்சியில் நிபுணர்கள் ஒருவரை ஒருவர் பேச விடாமல் பேசினார்கள். ஊர் பாதி நொண்ட ஆரம்பித்தது. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பத்திரிகைக்காரர்கள் அந்த அணியின் ஓட்டுநருக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அவர் புயல் இல்லை. ஒரு கையால் மாடிப்படிக் கைப்பிடியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு முனகல் வீதம் ஏறுகிற மனிதர். உலகத்திலேயே வேகமாகப் போகிற ஆள் தன் வீட்டு மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் டீ ஆறிவிடும் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

இதற்கெல்லாம் காரணம் ஓர் இருக்கை. பந்தயக் காரில் உட்காருவது நாம் சோபாவில் சாய்கிற மாதிரி கிடையாது. ஒரு பை நிறைய நுரைக் குழம்பை ஊற்றி, அதன்மேல் ஓட்டுநரை அசையாமல் உட்கார வைப்பார்கள். கால் மணி நேரத்தில் நுரை இறுகி அவருடைய உடம்பின் அச்சாகவே ஆகிவிடும். அந்த அச்சில் செய்த இருக்கைதான் காருக்குள் போகும். இதில் ஆகக்கூடிய தவறு என்று எதுவுமே இல்லை, நிர்வாகம் இதற்கு ஒரு விழா எடுக்கும்வரை.

புயலின் அணியில் இருக்கைக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் பெரிய அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பந்தயக் காரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அவர்தான் 'இருக்கை வார்ப்புத் தொடக்க விழா' என்று ஏற்பாடு செய்து, அணியின் முதலாளியைத் தொடங்கிவைக்க அழைத்தார்.

முதலாளி நல்லவர், தாராளமான மனிதர். எல்லாப் பக்கமும் தாராளம். ரிப்பனை வெட்டியவர், "சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கிறேனே" என்று, அப்போதுதான் நுரை ஊற்றி வைத்திருந்த பையில் உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் எழுந்தது. புகைப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள். யாரோ ஒரு புத்திசாலி அவர் கையில் மைக்கைக் கொடுத்தார். கைக்கு வந்த மைக்கை அவ்வளவு சுலபத்தில் விடுகிறவர் அல்ல முதலாளி. அணியின் எதிர்காலம் பற்றி ஆரம்பித்து, தன் இளமைக்காலம் வழியாக, மனித குலத்தின் எதிர்காலம்வரை போனார். பேசும்போது இடப்பக்கம் சாய்ந்து பேசுவது அவர் வழக்கம். நுரை இறுகுவது எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் குழுத் தலைவரைப் பார்த்தார்கள். குழுத் தலைவர் மேற்கூரையைப் பார்த்தார்.

பேச்சு முடிந்தபோது அவரை வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். 'வார்ப்பு இனிதே நிறைவேறியது' என்று குழு அறிவித்தது.

புயல் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், நான் இன்னும் உட்காரவே இல்லையே?"

"இருக்கை வந்தாச்சுல்ல? இனிமே உட்காருங்க. யாரு வேண்டாம்னாங்க?" என்றார் தலைவர்.

அன்றிலிருந்து புயல், பெரிய பானைக்குள் போட்ட கரண்டி மாதிரி அந்த இருக்கைக்குள் உருண்டுகொண்டு பந்தயம் ஓட்டினார். சுற்றிலும் துண்டுகளைச் சுருட்டித் திணித்துப் பார்த்தார். முதலாளி சாய்ந்து பேசிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் புயலின் இடுப்பு அதில் போய் விழும். அப்படியும் மனிதர் ஜெயித்துத் தொலைத்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

வலி தாங்காமல் ஒருநாள் குழுவின் முன்னால் போய் நின்றார்.

"சார், இடுப்பு வலிக்குது. என் அளவுக்குப் புதுசா ஒரு இருக்கை வார்க்கணும்."

"எந்தப் பந்தயத்துல தோத்தீங்க?" என்றார் தலைவர்.

"தோக்கலை சார்."

"அப்போ இருக்கை நல்லாத்தானே வேலை செய்யுது?"

"வலிக்குதே சார்."

"வலி உங்க இடுப்புல. இது இருக்கைக் குழு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

மூக்குக்கண்ணாடி போட்ட உறுப்பினர் ஒருவர் இரக்கப்பட்டு விளக்கினார். "தம்பி, புதுசு வேணும்னா பழசு தப்புன்னு ஆகும். பழசு தப்புன்னா, அதுல உட்கார்ந்தவர் தப்பா உட்கார்ந்துட்டார்னு ஆகும். அதுல உட்கார்ந்தவர் யாரு?"

எல்லோரும் சுவரில் மாட்டியிருந்த முதலாளியின் படத்தைப் பார்த்தார்கள். படம் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கூடிக் கூடிப் பேசிய பிறகு குழு தன் முடிவை வெளியிட்டது. 'இருக்கைக்கும் ஓட்டுநருக்கும் இடையே அளவில் வேறுபாடு காணப்படுகிறது. இருக்கை உரிய முறையில், உரியவரைக் கொண்டு வார்க்கப்பட்டதாகையால், வேறுபாடு ஓட்டுநரிடமே உள்ளதாகக் கருதப்படுகிறது. ஓட்டுநர் படிப்படியாக இருக்கையின் அளவை எட்டுவதற்கு ஆவன செய்யப்படும்.'

ஆவன செய்தார்கள். காலையும் மாலையும் அவருக்குக் கேக், வெண்ணெய், பாதாம் என்று ஊட்ட ஒரு சத்துணவு நிபுணர் வந்தார். புயல் கொஞ்சம் பூசினாற்போல் ஆனதும் கார் மெதுவாகிவிட்டது என்று எடைக் குழு கண்டுபிடித்தது. அது வேறு குழு. அவர்கள் ஓர் உடற்பயிற்சி ஆசிரியரை அனுப்பினார்கள். ஆகவே காலையில் ஒரு குழுவுக்காகத் தின்றார், மதியம் இன்னொரு குழுவுக்காக ஓடினார். இரண்டு குழுக்களும் முன்னேற்றம் திருப்திகரமாக இருப்பதாகச் சொல்லின.

டாக்டர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு சீசன் இப்படியே ஓட்டுங்க. அப்புறம் கைத்தடிதான்" என்றார்.

புயல் பயந்துபோனார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் பயப்படாத ஆள், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பயந்து உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. வேறொன்றும் பிடிக்காது.

"இன்னொரு அணிக்காரங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கல்ல? போயிடுங்களேன்" என்றாள் மனைவி.

"உட்கார இடம் சரியில்லைன்னு அணி மாறினான்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். நீங்க சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

மறுநாள் முதலாளியிடம் போய், அணி மாறப் போவதாகச் சொன்னார். முதலாளியின் முகம் வாடிவிட்டது.

"ஏன் தம்பி? யாராவது ஏதாவது சொன்னாங்களா? நான் என்ன குறை வச்சேன்? நானே உட்கார்ந்து தொடங்கிவச்ச இருக்கைல்ல அது?" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

உண்மை புயலின் நாக்கு நுனிவரை வந்தது. முதலாளிக்குப் பின்னால் நின்ற இருக்கைக் குழு மொத்தமும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது. அணியின் செய்தித் தொடர்பாளர் சட்டென்று நடுவில் புகுந்தார்.

"புதிய சவால் சார். புதிய சவாலைத் தேடிப் போறார்."

"என்ன சவால்?"

"புதுசு சார்."

முதலாளி சமாதானமாகிவிட்டார். மறுநாள் காலை எல்லாப் பத்திரிகைகளிலும் அதுதான் தலைப்பு. ஒரு நிபுணர், வெற்றியின் உச்சியில் வெறுமையைக் கண்ட ஆன்மா இது என்றார். இன்னொருவர் அதை மறுத்து, வெறுமையின் உச்சியில் வெற்றியைக் கண்ட ஆன்மா என்றார். 'விட்டு விலகும் கலை' என்று ஒரு பேராசிரியர் தொடர் எழுத ஆரம்பித்தார். யாருமே இடுப்பைப் பற்றி விசாரிக்கவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. ஜனங்களுக்கும் அது தொற்றிக்கொண்டதுதான் வேடிக்கை. புயல் வீட்டுத் தெருவிலிருந்த பல் வைத்தியர், நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி வைத்து, புதிய சவாலைத் தேடி எதிர்ச்சாரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். எதிர்ச்சாரி வைத்தியர் அதே காரணத்துக்காக இங்கே வந்தார். நடுவில் அந்த நோயாளி வாயைத் திறந்தபடியே சாயங்காலம்வரை இருந்தார். புயலின் மைத்துனன் அப்பா வீட்டைக் காலி செய்துகொண்டு, பெட்டியும் கையுமாக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நானும் அணி மாறிட்டேன் மாமா."

"சரி, வேலை எதுக்காவது போறியா?"

"அது எல்லாரும் பண்றதுதானே மாமா. அதுல என்ன சவால்?"

புது அணியின் முதலாளி ஓர் அம்மாள். எதையும் கணக்குப் போட்டுத்தான் செய்வார். நுரை ஊற்றிய அன்று விழா இல்லை, மைக் இல்லை. புயலின் மனைவியே பையின் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக் காவல் நின்றாள். தரை துடைக்க வந்த ஆள்கூட இரண்டடி தள்ளி நின்றுதான் துடைக்க முடிந்தது. புயல் உட்கார்ந்தார். நுரை இறுகியது. அவருடைய முதுகு, அவருடைய தோள், அவருடைய இடுப்பு, வேறு யாருடையதும் இல்லை.

முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். பரிசு வாங்கும் மேடைக்குப் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் ஓடி ஏறினார். உடம்பில் எங்கேயும் வலிக்காத ஒரு மத்தியானம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே நின்ற மனைவியும் அழுதாள். கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் புது அணியிலும் நிர்வாகம் என்று ஒன்று இருந்தது.

போன வருடம் தோற்ற அணி இந்த வருடம் எப்படி ஜெயித்தது என்று அம்மாள் ஆராயச் சொன்னார். ஆராய்ந்தார்கள். அதே எஞ்சின், அதே சக்கரம், அதே எண்ணெய். மாறியது இரண்டு. ஒன்று ஓட்டுநர், இன்னொன்று இருக்கை. ஓட்டுநரைப் பல மடங்காகப் பெருக்க முடியாது, இருக்கையைப் பெருக்கலாம். ஆகவே வெற்றிக்குக் காரணம் இருக்கைதான் என்று தீர்மானமாயிற்று. 'வெற்றி இருக்கைக் குழு' உடனே அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவராக இருக்கப் புயலைவிடத் தகுதியானவர் யார்? அவரும் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார்.

முதலில் அலுவலக நாற்காலிகள் எல்லாம் புயலின் அச்சில் மாற்றப்பட்டன. பிறகு தொழிற்சாலை வைத்து வெளியிலும் விற்றார்கள். பேருந்தில், சினிமா கொட்டகையில், முடிவெட்டும் கடையில், அந்தப் பல் வைத்தியரிடத்தில், எங்கே உட்கார்ந்தாலும் புயலின் உடம்புக்குள்தான் உட்கார வேண்டும். குண்டானவர்கள் பிதுங்கினார்கள், ஒல்லியானவர்கள் தொலைந்துபோனார்கள். எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நொண்டாமல் நடந்து போகிறவரைப் பார்த்தால், பாவம், வீட்டில் நல்ல நாற்காலி இல்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டார்கள்.

அணியின் கணக்குப் பிரிவிலிருந்து நெட்டையான ஒருவர் மட்டும் துணிந்து வந்தார்.

"சார், முதுகு ரொம்ப வலிக்குது. என் பழைய நாற்காலியைத் திருப்பித் தரச் சொல்லுங்க சார்."

புயல் அவரை அன்போடு உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எனக்கு வலிக்கலையே?" என்றார் புயல்.

"அது உங்க உடம்பு சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க கொஞ்சம் நீளமா இருக்கீங்க. அதைக் கவனிங்க."

சொன்னதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. உண்மையிலேயே அந்த மனிதருக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். கணக்குக்காரர் நன்றி சொல்லிவிட்டு, கொஞ்சம் குனிந்தபடி போனார்.

அன்று இரவு வீட்டில் சாப்பாடு. மேசையைச் சுற்றி நான்கு வெற்றி இருக்கைகள். மைத்துனன் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் போய் உட்கார்ந்துவிட்டான். மனைவி பரிமாறிவிட்டு, ஒரு கையால் மேசையையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னங்க, இந்த நாற்காலியை மாத்திடலாமே? எனக்கு இடுப்பு விட்டுப்போகுது."

புயல் கவலையோடு நிமிர்ந்தார். "குழுத் தலைவர் வீட்டுலயே மாத்தினா வெளியில என்ன பேசுவாங்க?"

"வலிக்குதுங்க."

"நீ உட்கார்ற விதம் சரியில்லைம்மா. கொஞ்சம் உள்ள தள்ளி உட்காரு. போகப் போகப் பழகிடும்."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"உங்க பழைய முதலாளி," என்று கேட்டாள், "அவரும் ரொம்ப நல்லவர்தானே?"

"தங்கமான மனுஷன்," என்றார் புயல், வசதியாகச் சாய்ந்துகொண்டு.